துரை பங்களா குளம்: பிகுவானைடை விட்டுக் குளோரினுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரை ஒட்டிய பழைய தோட்டம் ஒன்றில் துரை பங்களாவாக இருந்த வீடு அது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் கைமாறி, இப்போது ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் அங்கே இருக்கிறார். ஊருக்கே அவர் டீச்சர் என்பதால் இங்கேயும் டீச்சர் என்றே எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் சோறு தின்னக்கூடக் குளத்தை விட்டு ஏறமாட்டார்கள்.

குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.5. சராசரி 1.25 என்று வைத்தால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் தண்ணீர். இந்த எண்ணை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில்தான் தொங்குகிறது. சிமெண்ட் தொட்டி, உள்ளே நீல மொசைக். 20 அங்குல மணல் ஃபில்டர், முக்கால் குதிரைத்திறன் பம்ப், மேலே மிதக்கும் இலை தூசியை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் ஒன்று, நீருக்கடியில் 12 வோல்ட் விளக்கு ஒன்று.

முந்தைய உரிமையாளர் குளோரின் வாசனையே ஆகாதவர். அவர் காலத்திலிருந்து இந்தக் குளம் பிகுவானைட் என்கிற கிருமிக்கொல்லி மருந்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிஎச்எம்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் சிலவற்றிலும் இதே பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. கண் எரியாது, வாசனை இல்லை, வெயிலில் சீக்கிரம் அழியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கிருமியின் மேல்தோலைக் குலைத்துக் கொல்லுமே தவிர, தண்ணீரில் சேரும் வியர்வை, எண்ணெய், இலைச்சாறு போன்ற அழுக்கை எரிக்காது. அதற்காகத் தனியாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டும், பாசிக்கு இன்னொரு மருந்து. மூன்றையும் சேர்த்துத்தான் அந்த முறை.

பார்த்தபோது இருந்த நிலை

தண்ணீர் கலங்கல். அடியில் ஒரு வெள்ளிக்காசைப் போட்டால் தெரியும், ஆனால் தலையா பூவா என்று சொல்ல முடியாது. ஏணிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினால் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஒரு சளி ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்கிம்மர் வாயில் வெள்ளையாக நூல் நூலாகப் பூஞ்சை. பிகுவானைட் குளத்தில் நாளாக ஆக இந்த இரண்டும் வருவது வழக்கம். அந்த மருந்தைத் தாங்கிப் பழகிய உயிர்கள் அவை. ஃபில்டர் அழுத்தம் சுத்தமாக இருக்கும்போது 0.7 பார் காட்ட வேண்டியது, பேக்வாஷ் செய்த, அதாவது தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு மணலைக் கழுவிய மறுநாளே 1.0-ஐத் தாண்டியது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு அந்த வால்வைத் திருப்பித் திருப்பியே கை காய்த்துப் போயிருந்தது.

சோதனையில் பிகுவானைட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), பெராக்சைடு 30, பிஎச் 7.7. வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம், சுத்தமாக இல்லை. பிகுவானைட் குளத்தில் அதற்கு வேலையே கிடையாது என்பதால் இது எதிர்பார்த்ததுதான்.

மருந்து கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. ஈப்போவில் நீச்சல் குளச் சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் குளோரின் கிடைக்கிறது. மாறிவிடலாம் என்று டீச்சரின் மகன்தான் சொன்னார். டீச்சருக்குத்தான் மனசு வரவில்லை.

"பொதுக் குளத்துல இறங்கினாலே கண்ணு எரியுது, மூக்கு எரியுது. பிள்ளைங்க எப்படித் தம்பி குளிக்கும்?"

இந்தக் கேள்வியை நான் போகிற வீட்டிலெல்லாம் கேட்கிறார்கள். மூக்கில் ஏறும் அந்த வாசனை குளோரின் அதிகமாக இருப்பதால் வருவதில்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜனோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாசனை அது. குளிப்பவர் கூட்டத்துக்குக் குளோரின் போதாமல் போன குளம்தான் அப்படி நாறும், கண்ணை எரிக்கும். நாலு பிள்ளைகள் குளிக்கும் வீட்டுக் குளத்தில் அளவைச் சரியாக வைத்திருந்தால் வாசனை தெரியாது. டீச்சர் இதை அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார்.

தண்ணீரை முழுக்க இறைத்துவிடலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் வேலை முடிந்தது அல்லவா? சில குளங்களில் அப்படிச் செய்யலாம். இங்கே இரண்டு காரணங்களால் வேண்டாம் என்றேன்.

ஒன்று, அது நவம்பர் மாதம். மாலையானால் மழை. குளம் மேட்டிலிருந்து இறங்கி ஓடையை நெருங்கும் சரிவில் இருக்கிறது. கையளவு தோண்டினாலே மண் ஈரமாக வருகிறது. நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது சிமெண்ட் தொட்டியைக் காலி செய்தால், உள்ளே எடை இல்லாததால் வெளித் தண்ணீர் தொட்டியை அடியிலிருந்து தூக்கும். தரை வெடிக்கலாம், தொட்டியே ஒரு பக்கம் எழும்பலாம். அதற்குப் பிறகு செலவு குளோரினில் நிற்காது.

இரண்டாவது, அந்த ஓடை. பங்களாவின் லோங்காங் (வடிகால்) நேராக அதில் போய் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் லயத்துப் பையன்கள் தூண்டில் போடுகிற இடம். பிகுவானைட் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் நஞ்சு. 40,000 லிட்டரை ஒரே நாளில் அதில் திறந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே மூன்றில் ஒரு பங்கை மட்டும் இறைத்தோம். அதையும் லோங்காங்கில் விடாமல், நீளக் குழாய் போட்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில், மழை இல்லாத காலை நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். குழாய்த் தண்ணீரால் நிரப்பியதும் பிகுவானைட் 27-க்கு இறங்கியது.

பெராக்சைடை இறைக்கத் தேவையில்லை, காத்திருந்தாலே போதும். வெயிலும் வெதுவெதுப்பான தண்ணீரும் அதைத் தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். பொறுமை இல்லாமல் அதன்மேல் குளோரின் ஊற்றினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்: 1 பிபிஎம் பெராக்சைடு ஏறக்குறைய 2 பிபிஎம் குளோரினைத் தின்றுவிடும். தொடக்கத்தில் இருந்த 30-க்கு 60 பிபிஎம் குளோரின் என்றால், இந்தக் குளத்துக்கு 10 சதவீதத் திரவக் குளோரின் 24 லிட்டர். அவ்வளவும் வீண். பெராக்சைடு வாங்குவதை நிறுத்தி, குளத்தில் யாரையும் இறங்கவிடாமல் வைத்து, மூன்றாவது வாரம் சோதனைத்தாள் நிறம் மாறவே இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இந்த இடைவெளியில் மருமகன் ஒரு வாளி ட்ரைகுளோர் மாத்திரை வாங்கி வந்து வைத்திருந்தார். அவசரம் அவருக்கு. மாத்திரை கெட்டதல்ல, ஆனால் இந்தக் கட்டத்துக்கு ஆகாது. ட்ரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்லும். மாற்றத்துக்கு ஊற்ற வேண்டிய குளோரினோ மிக அதிகம். அத்தனையும் மாத்திரையாகப் போனால் முடியும்போது ஸ்டெபிலைசர் மலைபோல ஏறி, குளோரினின் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு அதைக் குறைக்கத் தண்ணீரை இறைப்பதைத் தவிர வழி கிடையாது. தூளாக வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் சுண்ணாம்பை ஏற்றும்; ஏற்கெனவே கலங்கிய தண்ணீர் இன்னும் கலங்கும். திரவம் விட்டுச் செல்வது கொஞ்சம் உப்பு மட்டும்தான். அதனால் 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்.

ராத்திரி வேலை

10 சதவீதத் திரவத்தில் லிட்டருக்கு 100 கிராம் குளோரின். 40 கன மீட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம், அதாவது 400 மில்லி. இலக்கு 15 பிபிஎம். ஆக, தொடக்க அளவு 6 லிட்டர். இந்த 400 மில்லி கணக்கை அண்ணன் பம்ப் அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துக்கொண்டார். இன்னும் அழிக்கவில்லை.

ஊற்றுவதற்கு முன் பிஎச்-ஐ ஆசிட் விட்டு 7.2-க்குக் கொண்டு வந்தோம். குளோரினில் கிருமியைக் கொல்லும் வேகமான பகுதி, ஹைப்போகுளோரஸ் அமிலம், 7.2-இல் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும், 7.8-இல் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு காரணமும் உண்டு. குளோரின் 10 பிபிஎம்-ஐத் தாண்டினால் பிஎச் சோதிக்கும் சிவப்புச் சொட்டு பொய் சொல்லும், ஆகவே இடையில் பிஎச்-ஐத் தொட முடியாது. ஆசிடும் குளோரினும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஊற்றக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம், ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டும் கலந்தால் எழுவது குளோரின் வாயு.

நேரம் முக்கியம். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் நம் நாட்டு நடுப்பகல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குளோரினில் பாதி போய்விடும். காலையில் ஊற்றினால் சூரியனுக்குத் தான் படையல். எனவே ஊர்ப் பள்ளிவாசலில் மக்ரிப் வாங்கு கேட்டதும் கேனைத் திறப்போம். பம்ப் இரவும் பகலும் ஓடும். தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் வாயின் முன்னால், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

முதல் ராத்திரி ஊற்றிய சில நிமிடங்களில் வாயைச் சுற்றி மஞ்சள் பச்சையாக ஒரு மேகம் கிளம்பிக் குளம் முழுக்கப் பரவியது. இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 15-இல் 2தான் மிச்சம். மறுபடி 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி 15-க்கு ஏற்றினோம். காலையில் டீச்சரிடமிருந்து போன்.

"தம்பி, குளத்துல யாரோ தே ஓ கலக்கி வச்ச மாதிரி இருக்கு. வந்து பாருங்க."

பால் ஊற்றாத தேநீரின் அந்தத் தே ஓ நிறமேதான், வார்த்தைக்கு வார்த்தை. பயப்பட ஒன்றுமில்லை. குளோரின் பிகுவானைடை உடைக்கும்போது தண்ணீர் மஞ்சள், பச்சை, பழுப்பு என்று குளத்துக்குக் குளம் ஒரு நிறம் காட்டும். இந்த இடத்தில் பயந்துபோய்ப் பாசி மருந்து, தெளிய வைக்கும் மருந்து என்று கண்டதையும் வாங்கி ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். தேவை இன்னும் குளோரின், இன்னும் பேக்வாஷ், அவ்வளவே.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று டீச்சரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நிறம் வரும், போகும். எண் ஒன்றுதான் பேச்சு. அந்த எண்ணுக்குக் கருவியும் சரியாக இருக்க வேண்டும். அண்ணன் ஒரு மாலை, நிறம் ஒப்பிடும் சின்னப் பெட்டியில் சோதித்துவிட்டு, "சுத்தமா இல்ல தம்பி, வெள்ளையா இருக்கு" என்று இன்னொரு கேனைத் திறக்கப் போனார். உண்மையில் குளோரின் நிறைய இருந்தது. அளவு மிக அதிகமானால் டிபிடி என்கிற சோதனை மருந்து காட்டும் சிவப்பையே குளோரின் வெளுத்துவிடும். பார்ப்பவருக்குப் பூஜ்யம் போலத் தெரியும். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டோ உருப்படியான குளோரினையும் குளோரமைனையும் பிரித்துச் சொல்லாது. இந்த வேலைக்கு எஃப்ஏஎஸ்-டிபிடி பெட்டிதான் சரி: 10 மில்லி தண்ணீரில் தூளைப் போட்டால் ரோஸ் நிறமாகும், நிறம் போகும்வரை சொட்டுகளை எண்ணினால் ஒரு சொட்டு 0.5 பிபிஎம்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஒரே மாதிரி. மாலையில் ஏற்று, படுக்கப் போகுமுன் மறுபடி ஏற்று, விடிந்ததும் எவ்வளவு மிச்சம் என்று பார். பழுப்பு பச்சையாகி, பச்சை பால் கலங்கலாகி, இரண்டாவது வாரம் மொசைக்கின் கோடு தெரிய ஆரம்பித்தது.

தண்ணீர் தெளிந்தும் வேலை முடியாதது

டீச்சர் குடும்பத்துக்கு வேலை முடிந்தமாதிரிதான் இருந்தது. தண்ணீர் நீலம், அடியில் கிடந்த ரப்பர் விதைகூடத் தெரிந்தது. பேரப்பிள்ளைகளை எப்போது இறக்கலாம் என்று மகன் கேட்டார். ஆனால் சூரியன் மறைந்தபின் எடுத்த எண்ணுக்கும் விடியும்முன் எடுத்த எண்ணுக்கும் 3 பிபிஎம் வித்தியாசம். அடுத்த இரவும் 3. வெயில் இல்லாத நேரத்தில் குளோரினைத் தின்றது யார்? இரவில் 1-க்கு மேல் குறைந்தால் தண்ணீரிலோ சுவரிலோ குழாயிலோ இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது என்றே அர்த்தம்.

தேட வேண்டியது பிரஷ்ஷும் ஓட்டமும் எட்டாத இடங்களில். பம்ப் அறையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விளக்கின் மேல் திருகைக் கழற்றினோம். விளக்குக்குப் பின்னால் ஒயர் சுருட்டி வைக்க ஒரு குழி இருக்கும். விளக்கை வெளியே இழுத்ததும் அந்தக் குழியிலிருந்து இளஞ்சிவப்பு ஜவ்வு ஒன்று உள்ளங்கை அகலத்துக்குத் துண்டாகப் பிய்ந்து மிதந்து வந்தது. சுருட்டிய ஒயரின் ஒவ்வொரு வளையத்துக்கும் இடையில் அதே சளி, தொட்டால் நழுவியது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒயரை வளையம் வளையமாகத் தேய்த்து, குழிக்குள் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டுச் சுற்றினோம். ஏணியைக் கழற்றியபோது கால் இறங்கும் குழிகள் இரண்டிலும் அதுவே. ஸ்கிம்மரின் ஆடும் கதவைக் கழற்றி கீலைப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை.

எல்லாவற்றையும் தேய்த்து, விளக்கை உடனே மூடாமல் குழிக்கு வெளியே தொங்கவிட்டு, மறுபடி 15-க்கு ஏற்றினோம். முதல் இரவு இழப்பு கூடியது; தேய்த்து விட்டதெல்லாம் தண்ணீரில் கலந்ததால் அது நியாயமே. அதற்கடுத்து இறங்கி, பிறகு அரைக்கும் குறைவாக நின்றது. குளோரமைன் அளவும் 0.5-க்குக் கீழே. அப்போதுதான் முடிந்தது என்று சொன்னேன். ஆன செலவு திரவக் குளோரின் நூறு லிட்டருக்கு மேல்.

ஃபில்டர் மணலை மாற்றுவதை இந்தக் கட்டம் வரை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தோம். முதலிலேயே மாற்றினால் புது மணலும் அதே பிகுவானைட் பிசினை வாங்கிக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்த்தால் மேல்மணல் கட்டியாகி, கேசரி மாதிரி கரண்டியில் வெட்டி எடுக்கிற பதத்தில் இருந்தது. முழுவதையும் அள்ளி, அடியில் விரல் போல விரியும் குழாய்களில் ஒன்றும் உடையவில்லை என்று பார்த்து, தொட்டியைப் பாதித் தண்ணீரால் நிரப்பிய பிறகே புது மணல் கொட்டினோம். காலித் தொட்டியில் மேலிருந்து கொட்டினால் அந்தக் குழாய்கள் முறியும், பிறகு மணல் குளத்துக்கு வந்துகொண்டே இருக்கும். 25 கிலோ மூட்டை நான்கு பிடித்தது.

இப்போது ஓடும் விதம்

ஸ்டெபிலைசர் 40 பிபிஎம்-க்கு 1.6 கிலோ. பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் வரும் வாய்க்கு எதிரே தொங்கவிட்டோம். அவ்வப்போது கையால் பிசைந்துவிட்டால் சீக்கிரம் கரையும். குளோரின் 5 பிபிஎம் அளவில் வைத்து, 3-க்குக் கீழே போகவிடுவதில்லை. நல்ல வெயில் நாளில் மாலைக்கு ஒரு லிட்டர் திரவம் போதும். பேக்வாஷ் வாரத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படுவதில்லை, அண்ணனுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 1.25 மீட்டர் சராசரி ஆழத்தில் அது 4 சதவீதம். அவ்வளவு தண்ணீர் வழிந்து போகும்போது ஸ்டெபிலைசரும் கொஞ்சம் கூடவே போகும். மழை மாதங்களில் மாதம் ஒருமுறை சோதித்து, குறைந்த அளவுக்கு மட்டும் சேர்க்கிறார்கள். மருமகன் வாங்கிய ட்ரைகுளோர் மாத்திரைக்கு இங்கே ஒரு பயன் கிடைத்தது: எல்லோரும் ஊருக்குப் போகும் வாரங்களில் மிதவையில் இரண்டு போட்டுவிட்டுப் போகிறார்கள். குளோரினும் கிடைக்கிறது, மழையில் போன ஸ்டெபிலைசரும் ஈடாகிறது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிரும்போது மட்டும் ஸ்கிம்மர் கூடையைக் காலையும் மாலையும் கொட்ட வேண்டும். இலை ஊறினால் குளோரின் செலவு ஏறும்.

டீச்சர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். தலையில் தேங்காய் எண்ணெயோடு யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. வெளிக் குழாயில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பிள்ளைகள் நேராகக் குதித்த நாள்களில் நீர்மட்டக் கோட்டில் மொசைக் மேல் பிசுக்கு படிந்ததையும், அன்றிரவு குளோரின் கூடுதலாக இறங்கியதையும் அவரே பார்த்துக் கண்டுபிடித்தது இது. கண் எரிகிறது என்று இதுவரை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

ஸ்டோரில் பழைய பிகுவானைட் ஒரு கேனும் பெராக்சைடு அரைக் கேனும் இருந்தன. இரண்டையும் குளோரின் இருக்கும் அறையிலிருந்து எடுத்து, கார் நிறுத்தும் கொட்டகையில் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். செறிவான பெராக்சைடும் குளோரினும் ஒரே வாளியில் சேர்ந்தால் சூடாகிப் பொங்கிச் சிதறும். பிகுவானைட் ஊற்றப் பயன்படுத்திய கோப்பையைக்கூடக் குளோரினுக்கு எடுக்கக் கூடாது. பெராக்சைடு கேனை, பிகுவானைடிலேயே இன்னும் குளம் நடத்தும் ஈப்போ வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பிகுவானைட் கேனுக்கும் அவரையே கேட்டிருக்கிறேன், அடுத்த முறை லோரி அந்தப் பக்கம் போகும்போது ஏற்றிவிட வேண்டும்.